கவனிக்க வேண்டியவர்கள்

 

போன ஜூலையில் டூர் டி பிரான்ஸ் நடந்தபோது தினமும் ராத்திரி நான் போட்ட பதிவுகளைப் படித்துவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “டீச்சர், அடுத்த சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யார் யாரைப் பார்க்கணும்னு ஒரு லிஸ்ட் போடுங்க. அப்பதான் எங்களுக்குப் புரியும்.” இதோ ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பக்கம் டூர் டவுன் அண்டர் தொடங்கும் நேரம் வந்துவிட்டது. 2026 சீசனின் முதல் பெரிய ரேஸ் அது. லிஸ்ட்டைப் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

ரிட்டயர் ஆன கணக்கு டீச்சருக்கு சைக்கிள் ரேஸில் என்ன வேலை என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கலாம். 1991, 92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாடகை சைக்கிளில், பின்னால் ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட, முன்னால் ஒருத்தி விழாமல் நாலு மிதி மிதித்துவிட்டால் மொத்தத் தெருவும் கைதட்டும். கேரியரைப் பிடித்து ஓடியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால் டிவியில் பார்க்கிறேன். அவ்வளவுதான் கதை.

முதலில் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். டூர் டி பிரான்ஸ், ஜிரோ டி இத்தாலியா, வுவெல்டா எ எஸ்பான்யா மூன்றும் மூன்று வாரப் பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் 21 நாள் ஓட்டம். அந்த 21 நாளின் நேரத்தையும் கூட்டினால் யாருக்கு மொத்தம் குறைவோ அவர்தான் வெற்றியாளர். வெறும் கூட்டல் கணக்குதான். ஆனால் தனியாக ஓட்டுகிறவருக்கு எதிர்க்காற்று எமன். இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் கணிசமான உழைப்பு மிச்சமாகும். அதனால் அணிக்கு எட்டு பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் ஜெயிப்பதற்காக மற்ற ஏழு பேர் காற்றைத் தாங்குவார்கள், தண்ணீர் பாட்டில் சுமப்பார்கள், தங்கள் சைக்கிளையே கழற்றிக் கொடுப்பார்கள். இது தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கப் புரியும்.

இனி லிஸ்ட்.

1. தடேய் பொகாச்சர் (ஸ்லோவேனியா)

வகுப்பில் முதல் ரேங்க் பையனை லிஸ்ட்டில் போடுவதற்கு டீச்சர் எதற்கு, எல்லோருக்கும்தான் தெரியுமே என்பீர்கள். 27 வயது. டூர் டி பிரான்ஸை 2020, 2021, 2024, 2025 என்று நான்கு தடவை ஜெயித்தவர். 2024-இல் ஜிரோ, டூர், உலக சாம்பியன் பட்டம் மூன்றையும் ஒரே வருஷத்தில் எடுத்தார். ஆண்களில் அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் இருவர்தான்: 1974-இல் எடி மெர்க்ஸ், 1987-இல் ஸ்டீபன் ரோச். வரும் ஜூலையில் டூரை மறுபடி ஜெயித்தால் ஐந்து. ஐந்து தடவை ஜெயித்தவர்கள் ஆங்கெட்டில், மெர்க்ஸ், ஈனோ, இந்துரைன் என்று நான்கே பேர்.

ஆனால் அவரை டூரில் பார்ப்பதைவிட மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாருங்கள் என்பேன். ஒரே நாளில் முடியும் பழம்பெரும் பந்தயங்கள் ஐந்து உண்டு. மிலான்-சான் ரெமோ, டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், பாரிஸ்-ரூபே, லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ், லொம்பார்தியா. இதில் மூன்றை அவர் ஜெயித்துவிட்டார். லொம்பார்தியாவைத் தொடர்ந்து ஐந்து வருஷம் ஜெயித்திருக்கிறார். மிலான்-சான் ரெமோவும் பாரிஸ்-ரூபேயும் மட்டும் 2025 வரை கைக்கு வரவில்லை. போன வருஷம் ரூபேயில் முதல் தடவையாக இறங்கினார். கருங்கல் பாவிய பழைய சாலைகள் அம்பது கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தயம் அது. மலை ஏறுகிற ஒல்லி உடம்புக்கு ஏற்றதே இல்லை. முன்னணியில் இரண்டே பேராகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திருப்பத்தில் வேகம் தப்பி விழுந்தார். இரண்டாவதாகத்தான் வந்தார். எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒருவர், தனக்கு வராத பாடத்தைத் தானாகப் போய் எழுதுகிறார் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

அன்று அவரைத் தாண்டி ஜெயித்தவர் நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல். ரூபேயை 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று தடவை வென்றவர். இவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா பிரான்ஸின் ரேமோன் பூலிடோர். அந்தத் தாத்தா டூரில் மூன்று தடவை இரண்டாவது, ஐந்து தடவை மூன்றாவது. முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. ஆனால் பிரான்ஸ் மக்கள் ஜெயித்தவர்களைவிட அவரை நேசித்தார்கள். 2021-இல் பேரன் டூரில் முதல் தடவை இறங்கி, இரண்டாம் நாளே மஞ்சள் ஜெர்சியை எடுத்தபோது, கோட்டைத் தாண்டியதும் விரலை வானத்துக்குக் காட்டினார். தாத்தா 2019-இல் காலமாகிவிட்டார். நான் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.

2. இசாக் டெல் டோரோ (மெக்சிகோ)

இந்தப் பையனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 22 வயது. மெக்சிகோவில் என்செனாடா என்ற ஊர். பொகாச்சரின் அணியே.

போன மே மாதம் ஜிரோ டி இத்தாலியாவில் முதலிடத்துக்கான ரோஸ் நிற ஜெர்சியை பதினோரு நாள் போட்டிருந்தான். (மன்னிக்கவும், “போட்டிருந்தார்” என்றுதான் எழுதணும். பேரன் வயசு, வாயில் “ன்” வந்துவிடுகிறது.) முடிய இரண்டே நாள். இருபதாம் நாள், கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்ற மலை. பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், மேல்பாதி மண் சாலை. காலையில் கிளம்பும்போது அவருக்கு அடுத்து ஈக்வடாரின் ரிச்சர்ட் கராபாஸ் 43 விநாடி பின்னால். அதற்கடுத்து இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ் 81 விநாடி பின்னால்.

மலையில் யேட்ஸ் தனியாகக் கிளம்பிப் போனார். டெல் டோரோ கராபாஸைப் பார்த்தார். கராபாஸ் டெல் டோரோவைப் பார்த்தார். “நீ துரத்து” என்று இவர், “ஜெர்சி உன்னுது, நீதான் துரத்தணும்” என்று அவர். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்க, யேட்ஸ் போயே போய்விட்டார். மேலே அவருக்கு முன்பே போயிருந்த அவர் அணிக்காரர் வௌட் வான் ஆர்ட் காத்திருந்து, கீழே இறங்கும் பள்ளத்தாக்கில் முன்னால் நின்று காற்றைத் தாங்கி இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால், காலையில் 81 விநாடி முன்னால் இருந்த பையன் 3 நிமிடம் 56 விநாடி பின்னால்.

இதில் ஒரு விஷயம் சொல்லணும். அதே மலையில்தான் 2018-இல் இதே யேட்ஸ் ரோஸ் ஜெர்சியோடு வந்து நொறுங்கிப்போனார். பதின்மூன்று நாள் போட்டிருந்த ஜெர்சி ஒரே பகலில் போனது. ஏழு வருஷம் கழித்து அதே மலைக்கு வந்து எடுத்துக்கொண்டார்.

டெல் டோரோ என்ன செய்தார்? ஊரே திட்டியது. முட்டாள்தனம், பயம், அனுபவமில்லை என்று பேசாத வாய் இல்லை. அவர் அதே வருஷம் சொந்த நாட்டு சாம்பியன் பட்டத்தை எடுத்தார். அக்டோபரில் இத்தாலிக்கே திரும்பிப் போய் ஜிரோ தெல் எமிலியா பந்தயத்தை ஜெயித்தார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட வெற்றிகள். அந்தப் பையனிடம் “அந்த மலையில ஏன்டா நின்னே?” என்று கேட்காமல், அடுத்த ரேஸுக்கு நம்பர் கொடுத்து அனுப்பிய பெரியவர்கள் யாரோ அந்த அணியில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

3. பினியம் கிர்மாய் (எரித்ரியா)

இவரைப் பற்றி ஏற்கனவே எழுதியிருக்கிறேன். இத்தாலி ஆண்ட காலத்தில் எரித்ரியாவுக்கு சைக்கிள் ரேஸ் வந்தது. ஆண்டவர்கள் போனார்கள், சைக்கிள் தங்கிவிட்டது. தலைநகர் அஸ்மாராவில் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்றால் நம் ஊர் மஞ்சுவிரட்டுக்குக் கூடுவதுபோல் கூட்டம் கூடும்.

2022-இல் ஜிரோவில் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்து, மேடையில் பாட்டிலைத் திறக்கும்போது தக்கை தெறித்து அவர் கண்ணிலேயே அடித்து, ரேஸை விட்டே போக வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 1, டூரில் டூரின் நகரத்தில் ஜெயித்தார். நூறு வருஷத்துக்கு மேலான டூர் வரலாற்றில் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அதே டூரில் இன்னும் இரண்டு நாள் ஜெயித்து, வேக ஓட்டக்காரர்களுக்கான பச்சை ஜெர்சியையும் கொண்டுபோனார்.

2025? ஒரு வெற்றிகூட இல்லை. டூரின் முதல் நாளே இரண்டாவதாக வந்தார். ஆனால் வருஷம் முழுக்கப் பார்த்தால் பூஜ்யம். இந்த வருஷம் புது அணியில் ஓட்டுகிறார்.

சென்டம் வாங்கிய பிள்ளை அடுத்த வருஷம் சறுக்கினால் ஸ்டாஃப் ரூமில் என்ன பேசுவோம் தெரியுமா? “தலைக்கனம் வந்துடுச்சு.” நானும் பேசியிருக்கிறேன். வேக ஓட்டத்தில் கடைசி இருநூறு மீட்டரில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தோளோடு தோள் இடித்துப் போகிறார்கள். கை அகல இடைவெளி கிடைத்தால் முதலிடம், கிடைக்காவிட்டால் ஆறாமிடம். உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். 25 வயது, இன்னும் எத்தனையோ இருக்கிறது. இவர் கைதூக்கி ஒரு கோட்டைத் தாண்டும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

4. பால் செய்ஸாஸ் (பிரான்ஸ்)

இந்தப் பிள்ளைக்கு இப்போது 19 வயது. 2006 செப்டம்பரில் பிறந்தவர், நீங்கள் சிலர் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்த வருஷம். 2024-இல் ஜூனியர் பிரிவில் தனிநபர் நேர ஓட்டத்தில் உலக சாம்பியன். போன வருஷம் 18 வயதில், டூருக்கு முன்னோட்டமாக நடக்கும் டோஃபினே பந்தயத்தில் பெரியவர்களோடு ஓட்டி எட்டாமிடம். இளைஞர்களுக்கான டூர் டி லாவெனிரில் வெற்றி. ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் பொகாச்சர், ரெம்கோ எவனபூல் இருவருக்கும் அடுத்து மூன்றாமிடம். மேடையில் அந்த இருவர் பக்கத்தில் நின்றபோது விழாவுக்கு வந்த பள்ளிக்கூடப் பையன்போல் இருந்தார்.

இனிதான் பயம். டூர் பிரான்ஸ் நாட்டுப் பந்தயம். ஆனால் ஆண்கள் டூரைக் கடைசியாக ஜெயித்த பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் ஈனோ, 1985-இல். நாற்பது வருஷமாக அந்த நாடு காத்திருக்கிறது. நடுவில் எத்தனையோ இளைஞர்களைப் பார்த்து “அடுத்த ஈனோ இவர்தான்” என்று பேப்பரில் எழுதினார்கள். எழுதி எழுதியே சிலரைத் தேய்த்தார்கள். இப்போது முறை இந்தப் பிள்ளைக்கு. இந்த வருஷமே டூரில் இறக்கலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா என்று நாடே விவாதிக்கிறது. இறக்கினாலும் இறக்காவிட்டாலும் ஒன்று மட்டும் நிச்சயம். எட்டாவதாக வந்தால் “எட்டுதானா?” என்பார்கள். 19 வயதில் உலகத்தில் எட்டாவது!

இவரைப் பாருங்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

5. போலின் ஃபெரான்-பிரேவோவும் டெமி ஃபோலரிங்கும்

பெண்கள் ரேஸைப் பார்க்காதவர்கள் பாதி விளையாட்டைப் பார்க்காதவர்கள்.

பிரான்ஸின் ஃபெரான்-பிரேவோவுக்கு வரும் பிப்ரவரியில் 34 வயது. இருபதுகளின் தொடக்கத்திலேயே சாலை, சேற்று ஓட்டம், மலைப்பாதை மூன்றிலும் ஒரே சமயத்தில் உலக சாம்பியன் பட்டம் வைத்திருந்தவர். பிறகு காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கோளாறு வந்து அறுவை சிகிச்சை. சாலை ரேஸை விட்டுவிட்டு மலைப்பாதை சைக்கிளுக்குப் போய்விட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தார். “வந்த வேலை முடிந்தது” என்று உட்கார்ந்திருக்கலாம். சாலைக்குத் திரும்பினார். 2025 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே, ஆகஸ்டில் டூர் டி பிரான்ஸ் ஃபெம் இரண்டையும் ஜெயித்தார். டூருக்காக உடம்பு எடையை ரொம்பக் குறைத்ததாக அவரே சொன்னார். அது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அந்த அளவுக்கு ஒல்லியாகத் தன்னால் முடியாது என்ற பொருளில் ஃபோலரிங் பேசினார். வயதுப் பெண்கள் இதைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைப்பார்களே என்ற கவலை எனக்கும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

ஃபோலரிங் நெதர்லாந்துக்காரர். 2023-இல் டூரை ஜெயித்தவர். 2024-இல் மஞ்சள் ஜெர்சியோடு இருந்தபோது ஒரு நாள் ஓட்டம் முடியும் தறுவாயில் பெருங்கூட்டமாக விழுந்ததில் அவரும் விழுந்தார், நேரம் போயிற்று. கடைசி நாள் ஆல்ப் டூயஸ் மலை. வலியோடு ஏறி, அந்த நாள் ஓட்டத்தையே ஜெயித்தார். கோட்டைத் தாண்டிவிட்டுப் பின்னால் வரும் போலந்தின் காசியா நியவியடோமாவின் நேரத்துக்காகக் காத்திருந்தார். மொத்தம் 24 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பந்தயத்தில் தோற்ற வித்தியாசம் எவ்வளவு தெரியுமா?

4 விநாடி.

ஆண்கள், பெண்கள் இருவர் டூரையும் சேர்த்தாலும் இவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்ததே இல்லை. ஆண்களில் மிகக் குறைவு 1989-இல் 8 விநாடி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஃபோலரிங் மட்டும் இல்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லப்போகிறேன்.

ஒவ்வொரு ஜூனிலும் பத்தாம் வகுப்பு ஆரம்பிக்கும்போது என் டைரியில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். தலைப்பு, “கவனிக்க வேண்டியவர்கள்”. இடது பக்கம் தேறுவதே கஷ்டம் என்று நினைக்கும் பிள்ளைகள். வலது பக்கம் சென்டம் எடுப்பார்கள் என்று நினைக்கும் பிள்ளைகள். இடது பக்கத்துப் பிள்ளைகளைச் சாயங்காலம் உட்காரவைத்தேன். நிறைய பேர் கரையேறினார்கள், அவர்களே இன்றும் வந்து காலில் விழுகிறார்கள். வலது பக்கத்துப் பிள்ளைகளை நான் என்ன செய்தேன் என்று வெகுநாள் யோசித்ததே இல்லை. அவர்கள்தான் நன்றாகப் படிக்கிறார்களே.

ஒரு வருஷம் வலது பக்கத்தில் முதல் பெயர் ஒரு பெண். எந்த வருஷம், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அரையாண்டில் நூறு. மூன்று திருப்புதல் தேர்விலும் நூறு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பிள்ளை எதிரிலேயே “இவதான் எனக்கு இந்த வருஷம் சென்டம்” என்று சொல்வேன். “எனக்கு” என்று சொன்னதைக் கவனியுங்கள். ரிசல்ட் வந்தது. கணக்கில் 96. பள்ளிக்கூடத்திலேயே அதுதான் முதல் மார்க்.

மார்க் ஷீட் வாங்க அம்மாவோடு வந்தாள். கையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய், எல்லோருக்கும் கொடுப்பதற்காக. நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே, அத்தனை பேர் முன்னால், “நாலு மார்க்கை எங்கடி தொலைச்சே?” என்று கேட்டேன்.

கோபமாகக் கேட்கவில்லை. எல்லா டீச்சரும் கேட்கிற கேள்விதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் வாசல் தாண்டிப் போன பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த பிள்ளையின் மார்க் ஷீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவை எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னால்தான் என்று சொல்லத் தெரியாது. அவளுக்கு வேறு விருப்பம் இருந்திருக்கலாம். ஆனால் ஆல்ப் டூயஸ் உச்சியில் அந்த 4 விநாடிக்காக ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தபோது, ஒரு கேமராவும் காட்டாத ஒரு வராந்தா எனக்கு ஞாபகம் வந்தது.

6. மாக்டலென் வாலியேர் (கனடா)

கடைசியாக ஒரு பெயர். யாருடைய லிஸ்ட்டிலும் இல்லாத பெயர்.

2025 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. ஆப்பிரிக்க மண்ணில் நடந்தது அதுதான் முதல் தடவை. ஏற்றமும் இறக்கமுமாக, மேட்டு நிலத்தின் மெல்லிய காற்றில், மிகக் கடினமான சாலை. பெண்கள் ரேஸில் ஃபோலரிங், ஃபெரான்-பிரேவோ என்று பெரிய பெயர்கள் எல்லாம் இருந்தார்கள். எல்லோர் கண்ணும் அவர்கள் மேல். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். ஃபினெஸ்ட்ரே மலையில் நடந்த அதே கதை. முன்னால் நழுவிப்போன சிறு கூட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து 24 வயது வாலியேர் கடைசி ஏற்றத்தில் தனியாகப் பிரிந்து போய் ஜெயித்தார். வழக்கமாக மற்றவர்களுக்காக ஓட்டும் பெண். அதற்கு முன் பெரிய மேடைகளில் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. கோட்டைத் தாண்டும்போது முகத்தில் சந்தோஷத்தைவிட நம்ப முடியாத திகைப்புதான் இருந்தது. கனடாவிலிருந்து இந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண். அடுத்த உலக சாம்பியன்ஷிப் வரை சாலை ரேஸ்களில் உலக சாம்பியனின் வானவில் ஜெர்சி அவர் உடம்பில் இருக்கும்.

அடுத்த உலக சாம்பியன்ஷிப் எங்கே தெரியுமா? இந்தச் செப்டம்பரில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில். அவர் பிறந்து வளர்ந்த கியூபெக் மாகாணத்திலேயே. போன வருஷம் யாரும் பார்க்காத பெண்ணை இந்த வருஷம் ஊரே பார்க்கும். சொந்த ஜனம் சாலையோரம் நின்று கத்தும். மறுபடி ஜெயிப்பது ரொம்பக் கடினம். இருபதாவதாக வந்தால் அன்றைக்கு ஊர் என்ன சொல்லும்? கைதட்டுமா, “என்னாச்சு?” என்று கேட்குமா? அதைப் பார்க்கத்தான் நான் விழித்திருக்கப்போகிறேன்.

லிஸ்ட் முடிந்தது. லிஸ்ட் போடுவது தப்பு என்று சொல்லவில்லை. கவனிக்காத பிள்ளை வாடித்தான் போகும். ஆனால் கவனிப்பது வேறு, எனக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றி வைப்பது வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து முப்பத்துநாலு வருஷம் சம்பளம் வாங்கினேன். நீங்களும் இப்போது பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா. மார்ச் மாதம் பொதுத்தேர்வு வருகிறது. மே மாதம் மார்க் வரும். அன்றைக்கு முதல் வார்த்தை என்ன சொல்லப்போகிறீர்கள் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வாய் தானாக எதையாவது சொல்லிவிடும், என் வாய் சொன்னதுபோல.

அந்தப் பெண் என் நட்புப் பட்டியலில் இருக்கிறாள். நான் என்ன எழுதினாலும் ஒரு லைக் வரும். கமெண்ட் ஒரு தடவைகூட வந்ததில்லை. இன்பாக்ஸில் மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கேட்டேன், அதனால் அத்தனை பேர் முன்னாலேயே சொல்வதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.

அம்மாடி, 96 நல்ல மார்க். ரொம்ப நல்ல மார்க். பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். அன்றைக்கு எழுந்து நின்று உன் கையைப் பிடித்து நான் அதைச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் பாக்கி இருக்கிறது. எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் கொண்டுவா. வராவிட்டாலும் பரவாயில்லை.

எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டிய தேதிகள்:

மார்ச் 21 — மிலான்-சான் ரெமோ
ஏப்ரல் 5 — டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ்
ஏப்ரல் 12 — பாரிஸ்-ரூபே
ஏப்ரல் 26 — லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ்
மே 8 முதல் 31 வரை — ஜிரோ டி இத்தாலியா (பல்கேரியாவில் தொடக்கம், ரோமில் முடிவு)
ஜூலை 4 முதல் 26 வரை — டூர் டி பிரான்ஸ் (பார்சலோனாவில் தொடக்கம். கடைசி வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் ஆல்ப் டூயஸ்!)
ஆகஸ்ட் 1 முதல் 9 வரை — டூர் டி பிரான்ஸ் ஃபெம் (சுவிட்சர்லாந்தின் லோசானில் தொடக்கம். மோன் வாந்தூ மலையும் உண்டு)
ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 13 வரை — வுவெல்டா (மொனாக்கோவில் தொடக்கம்)
செப்டம்பர் 20 முதல் 27 வரை — உலக சாம்பியன்ஷிப், மாண்ட்ரியல்

டூர் பெரும்பாலும் நம் நேரத்துக்கு ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு முடியும். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கடைசி ஒரு மணி நேரம் பார்த்தாலே போதும். பெயர்களின் உச்சரிப்பில் தப்பு இருந்தால் ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகள் திருத்துங்கள். சென்னையில் இருக்கும் பேரப்பிள்ளைகள் மே மாத லீவுக்கு வரும்போது சேர்ந்து ஜிரோ பார்க்கலாம், முறுக்கு நான் சுட்டு வைக்கிறேன்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வைத்திருப்பவர்கள் காற்றடித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்